கீழ்க்கட்டில் அளவு

டேப்பை நீட்டியதும் ரோடெல் சிரித்துவிட்டான்.
ரோலாவில் கடை திறந்த ஆறு வருடத்தில்
கிடார் வாங்க அளவெடுத்துக்கொண்டு
யாரும் வந்ததில்லையாம்.

என் மெத்தைக்கும் மேல்கட்டில் பலகைக்கும் நடுவே
எண்பத்தாறு சென்டிமீட்டர்.
அதற்குள் நான் உட்கார வேண்டும், தலை குனிந்து.
என் மடியில் அது உட்கார வேண்டும்.

முதலில் இறக்கினான், அகன்ற தோளன் ஒருவனை.
இடுப்பென்று சொல்ல ஒன்றுமில்லை.
ஒரே ஒரு வருடல்;
இரண்டு கடை தள்ளி ஜூஸ் பிழிகிறவன் எட்டிப் பார்த்தான்.
இந்தக் குரலை எனக்குத் தெரியும்.
நான் டக்ட் மடிக்கிறவன்.
அறுநூறுக்கு நானூறு தகரப்பெட்டியில் காற்று உறுமும்,
நூற்றைம்பதில் சீட்டியடிக்கும்.
வயிறு எவ்வளவோ அவ்வளவு அடிக்குரல்.
தகரமோ மரமோ, அதில் பேதமில்லை.

பேதம் முதுகில் இருந்தது.

ஒரே அளவில் மூன்றை வரிசையாக வைத்தான்.
மூன்றுக்கும் முகம் ஸ்ப்ரூஸ்,
பால் கலந்த மஞ்சள், நெருங்கிய ரேகை.
மேப்பிள் முதுகு ஒரு கணக்கர்;
கேட்டதற்குப் பதில், பிறகு வாய் மூடிக்கொள்ளும்.
ஈட்டியில் சுரம் போன பின்னும்
அறையில் யாரோ இருந்தார்கள்,
அடியில் கிணறு, மேலே மணி.
மஹோகனி நடுவிலேயே நின்று பேசியது,
தொண்டை கட்டியவன்
நல்ல சேதி சொல்வதுபோல.

பாதி விலையில் நான்காவதும் இருந்தது.
துளைக்குள் விரல் விட்டு விளிம்பைத் தடவினேன்.
அடுக்கு அடுக்கு அடுக்கு.
ஷட்டரிங்கில் பார்க்காத பிளைவுட்டா!
"வெடிக்காது" என்றான் ரோடெல், "ஆனால் மாறவும் மாறாது.
முழுப்பலகை வாசிக்க வாசிக்கத் திறக்கும்.
அதற்கு ஏசி ஆகாது."
ஏசிக்காரனிடம் சொல்கிறான்.

வெளியே ஆகஸ்ட், சட்டை பிழியும் ஈரம்.
உள்ளே பதினெட்டு டிகிரி, உதடு வெடிக்கும் வறட்சி.
நான் மடித்துப் பொருத்தும் காற்றுதான்
அதைப் பிளக்கப் போகிறது.
சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு
நனைத்த ஸ்பாஞ்சை அடைத்து
அதன் வயிற்றுக்குள் தொங்கவிட்டேன்.

ஆம், மஹோகனிதான். சின்ன உடம்பு, ஒடுங்கிய இடுப்பு,
ஒரு தோள் வெட்டியது,
விலாவில் நாலு திருகு, ஒன்பது வோல்ட் பேட்டரி.
அந்த மாதம் எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நான் நிற்கவில்லை.

அறையில் ஆறு பேர் தூங்குகிறார்கள்.
ஒயரைச் செருகி, ஹெட்போனை மாட்டி,
கட்டைவிரல் சதையால் மட்டும் தொட்டேன்.

மரத்தைக் காணோம்.

பாலத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டை,
கம்பி மிதிப்பதை மட்டும் கேட்கும் காது அதற்கு.
கிணறா மணியா தொண்டைக்கட்டா,
அதற்கு எல்லாம் ஒன்று.
பிளாஸ்டிக் தட்டில் மழை பெய்வதுபோலக் கேட்டது.
திருகுகளைத் திருகிப் பார்த்தேன்.
தட்டு மாறியது, மழை மாறவில்லை.

வெள்ளிக்கிழமை டம்பரின் பிறந்தநாள்.
கரோக்கி ஸ்பீக்கரில் செருகினோம்.
பெரிய வயிறாக இருந்தால் ஊளையிட்டிருக்கும்;
இது பல்லைக் கடித்துத் தாங்கியது.
எல்லோரும் கை தட்டினார்கள்.
நான் மட்டும் அறுநூற்றிருபது திர்ஹாமை
நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, பல் துலக்கும் வரிசையில்
முஃபிஜுல் கேட்டான்:
"நேற்று பாதியில் நிறுத்திவிட்டாயே,
அதற்கு அப்புறம் எப்படிப் போகும்?"

மேல்கட்டில் அவனுடையது.
நான் சாய்த்துப் பிடிக்கும்போது
கிடாரின் பின்வளைவு கட்டில் கம்பத்தைத் தொட்டிருக்கிறது.
கம்பம் ஏறி, சட்டம் ஓடி,
பலகை, மெத்தை, தலையணை,
அவன் கன்னத்து எலும்பு.

"எப்படி இருந்தது?"
நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னான்:
"தடிமன் பிடித்த ஆள் ஒருத்தன்
நல்லதாக ஏதோ சொல்கிற மாதிரி."

அன்றிரவு ஹெட்போனை எடுக்கவில்லை.
முதுகைக் கம்பத்தில் வைத்தேன்.
மேலேயிருந்து ஒரு கை தொங்கி,
இருட்டில் ஜாடை காட்டியது:

இன்னும் கொஞ்சம் கீழே.
இல்லை, இடது பக்கம்.
ம்.